யானைகளும் சருகுமானும்: இராஜரத்தினம் எழுத்துக்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

கேலாங் சிராய்ச் சந்தையை அடுத்த தேநீர்க் கடையொன்றில் மாலை வேளையில் சற்று அமர்ந்திருப்போமாயின், உலக அரசியலைப் பற்றிய பேச்சு நம் காதில் விழாமலிராது. அமெரிக்கா வெல்லுமா, சீனம் வெல்லுமா? எந்தத் துறைமுகத்தில் எவருடைய கப்பல் நிற்கிறது? எந்தத் தீவு எவர் பக்கம் சாய்ந்தது? இவ்வாறு வாதம் வளர்ந்துகொண்டே போகும். முடிவில் வயது முதிர்ந்த மலாய்க்காரர் ஒருவர் தம் முன்னோர் பழமொழியைச் சொல்லி வைப்பார். யானையும் யானையும் பொருதால் நடுவில் அகப்பட்ட சருகுமான் மடியும் என்பது அப்பழமொழியின் கருத்து. கேட்டவரெல்லாம் தலையை அசைப்பர். பேச்சும் அத்துடன் நின்றுவிடும்.

பேச்சு அங்கே நின்றுவிடுவதுதான் நமக்கு உடன்பாடில்லை. அதே மலாய் மக்கள் தம் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளில் 'சாங் காஞ்சில்' என்னும் சருகுமான் ஒன்று உண்டு. அது புலியையும் முதலையையும் தன் புத்தியால் ஏமாற்றி உயிர் தப்பும். ஆகவே, நடுவில் நின்று மிதிபடும் சருகுமான் ஒன்று, வழி கண்டு பிழைக்கும் சருகுமான் ஒன்று, ஆக இரண்டு சருகுமான்கள் அம்மக்களின் இலக்கியத்தில் வாழ்கின்றன. சிறு தீவு நாடுகளின் கதி இவ்விரண்டில் எதனுடையது? இக்கேள்விக்கு எழுத்திலும் செயலிலும் விடை கூற முயன்றவர் தமிழர் ஒருவர். சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டு அமைச்சராகிய சின்னத்தம்பி இராஜரத்தினமே அவர். அவருடைய அரசியலைப் புகழ்வோரும் இகழ்வோரும் பலர் உளர். அவருடைய எழுத்தை எழுத்தாக வைத்து ஆராய்வோர் சிலரே. அவ்வாராய்ச்சியில் ஒரு சிறு பகுதியையே இங்கு மேற்கொள்கிறோம்.

முதலில், அப்பழமொழி வெறும் கோழைத்தனத்தில் பிறந்ததன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1819-இல் ஆங்கிலக் கம்பெனியார் இத்தீவில் இறங்கியபோது ஜொகூர் அரசுரிமை பற்றி இரு சகோதரர்களுக்குள் பிணக்கு இருந்தது. ஒருவரை டச்சுக்காரர் ஆதரித்தனர். ஆங்கிலேயர் மற்றவரைச் சுல்தானாக ஏற்று ஒப்பந்தம் செய்துகொண்டனர். 1824 மார்ச்சில் லண்டனில் அவ்விரு வல்லரசுகளும் கையொப்பமிட்ட உடன்படிக்கையால் ஜொகூர்-ரியாவ் இராஜ்யம் நடுவே இரண்டாகப் பிளந்தது. அந்நாட்டு மக்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டிலர். சிங்கப்பூர் ஆற்று முகத்தில் நீரின் மீதே குடியிருந்த மலாய்க்காரரும் கடலோடிகளும் 1840-களில் ஆங்கிலேயரால் பெயர்த்து எடுக்கப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட இடந்தான் நம் கேலாங். பிறகு 1942 பிப்ரவரி 15-இல் வெள்ளையர் கோட்டை வீழ்ந்தது. ஜப்பானியர் வந்தனர். தோட்டங்களிலிருந்து பல்லாயிரந் தமிழர் சயாம் ரயில் பாதை போட வாரிச் செல்லப்பட்டு, காடுகளில் பேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டனர். யானைகள் பொருதன, சருகுமான் மடிந்தது. தோட்டத்துத் தமிழனுக்கு இப்பழமொழியை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எனினும், நடந்ததைச் சொல்லுவது வேறு, அதையே விதியென்று கொள்ளுவது வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க நம் பண்டைத் தமிழ் இலக்கியமே ஓர் அளவுகோலைத் தருகிறது. பறம்பு மலை ஒரு சிறு நாடு. அதை ஆண்ட பாரி ஒரு வேள். அவனுக்கு எதிரே நின்றவர் மூவேந்தர். மூன்று வல்லரசுகளும் ஒன்றுகூடி முற்றுகையிட்டும் போரினால் அம்மலையைக் கொள்ள முடியவில்லை என்று புறநானூறு காட்டுகிறது. மலையின் வளத்தையும் மக்களின் உறுதியையும் எடுத்துக்காட்டி, படையால் இதனைப் பெற முடியாது என்று வேந்தரிடம் துணிந்து கூறியவர் கபிலர். சிறு நாட்டின் தூதர் என்று நாம் முதலாவதாகப் போற்றத்தக்கவர் அவரே. ஆனால் கபிலரின் பெருமை அத்துடன் முடியவில்லை. பாரி வஞ்சனையால் வீழ்ந்தபின், அவன் மகளிர் இருவரையும் உடனழைத்துக்கொண்டு, அவர்களுக்கு ஒரு வாழ்வு தேடி ஊர் ஊராக நடந்தவரும் அவரே. கோட்டையைப் பற்றிப் பாடிய வாய் கோட்டைக்குள் இருந்த பெண்களையும் மறக்கவில்லை. சிறு நாட்டின் இலக்கியத்தை அளக்க இதைவிடச் சிறந்த கோல் நமக்குக் கிடைக்காது. கோட்டையைக் காத்தாயா என்பது முதற் கேள்வி. மக்களை மறந்தாயா என்பது இரண்டாவது கேள்வி.

இனி இராஜரத்தினத்திடம் வருவோம். அவர் 1915-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தார். வளர்ந்தது சிரம்பானில், ரப்பர் தோட்டச் சூழலில். 1935-இல் சட்டம் பயில லண்டன் சென்றவரை உலக யுத்தம் அங்கேயே நிறுத்திவிட்டது. சட்டப் படிப்பு முற்றுப்பெறவில்லை, எழுத்து தொடங்கிற்று. அக்காலத்தில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதைகளையும், பிற்காலத்து வானொலி நாடகங்களையும் ஐரீன் இங் என்பவர் தொகுத்து 2011-இல் நூலாக வெளியிட்டார். அரசியல் உரைகளும் கட்டுரைகளும் சான் ஹெங் சீ, ஒபைத் உல் ஹக் ஆகியோரால் தொகுக்கப்பட்டு 1987-இலேயே வெளிவந்தன. இரு தொகுதிகளையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு ஓர் ஐயம் தோன்றாமற் போகாது. இவ்விரண்டையும் எழுதியவர் ஒருவர்தாமா என்பதே அவ்வையம்.

கதைகளில் வருவோர் யார்? பஞ்சத்தில் வாடும் குடியானவர், வறண்ட வயலைப் பார்த்து நிற்போர், கிராமத்துப் பெண்கள். 'புலி' என்னும் பொருளுடைய தலைப்பிட்ட கதை அவற்றுள் புகழ்பெற்றது. கருவுற்றிருக்கும் பாத்திமா என்ற மலாய்ப் பெண் ஆற்றில் குளிக்கும்போது எதிர்க்கரையில் புலியைக் காண்கிறாள். புலி அவளைப் பார்க்கிறது. ஒன்றும் செய்யாமல் போய்விடுகிறது. செய்தி பரவியதும் ஆடவர் துப்பாக்கிகளுடன் திரண்டு சென்று அதைக் கொன்றுவிடுகின்றனர். கொன்ற பின்னரே அது குட்டிகளை ஈன்ற தாய் என்பது தெரிகிறது. அன்றிரவே பாத்திமாவுக்கும் பிரசவ வேதனை காண்கிறது. அச்சத்தின் பெயரால் செய்யப்படும் காரியங்களை, அவற்றால் அடிபடுவோர் பக்கம் நின்று பார்க்கும் கண் இக்கதையை எழுதியவருக்கு இருந்தது. பாரி மகளிரை மறவாத கபிலரின் கண் என்று அதனைச் சொல்லலாம்.

உரைகளில் நாம் காண்பது வேறொரு கண். 1965 ஆகஸ்டில் மலேசியாவிலிருந்து பிரிந்த சிங்கப்பூரை, செப்டம்பர் 21-இல் ஐக்கிய நாடுகள் சபை 117-ஆவது உறுப்பாக ஏற்றது. அன்று சபையின் முன் நின்று பேசியவர் இராஜரத்தினம். நாட்டிற்கு நிலமில்லை, போதிய நீரில்லை, படையென்று சொல்லத்தக்க படையுமில்லை. இந்நிலையில் அவர் வகுத்த கொள்கையை விளக்க ஓர் உவமை பிற்காலத்து உரையொன்றில் வருகிறது. வானத்தில் ஒரே சூரியன் இருந்தால் சிறு கோள்கள் அதன் இழுப்புக்கு அடங்கியே சுழல வேண்டும். பல சூரியர்கள் இருப்பின் ஒன்றன் இழுப்பை மற்றொன்று தளர்த்தும். அவ்விடைவெளியில் சிறு கோள் தன் வழியைத் தானே செலுத்திக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து.

இவ்வுவமையை நாம் உயர்ந்ததென்றே மதிக்கிறோம். பழமொழியில் சருகுமானுக்கு வினையே கிடையாது. மடிவது மட்டுமே அதன் பங்கு. இங்கோ சிறியதற்கு ஒரு வினை கிடைத்துவிட்டது. வல்லரசுகளின் போட்டி சிறு நாட்டுக்கு ஆபத்து என்ற எண்ணத்தையே அவர் புரட்டிப் போட்டு, ஒரு வல்லரசு மட்டும் எஞ்சுவதே பேராபத்து என்கிறார். 1972 பிப்ரவரி 6-இல் சிங்கப்பூர்ப் பத்திரிகையாளர் மன்றத்தில் ஆற்றிய 'உலக நகரம்' பற்றிய உரையிலும் இதே புத்திதான் வேலை செய்கிறது. 1968-இல் அறிவித்தபடி ஆங்கிலேயர் தம் படைகளை 1971 முடிவில் விலக்கிக்கொண்டனர். நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத்தளங்களை நம்பி இருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர். அந்நேரத்தில், நமக்குப் பின்னிலம் இல்லையே என்று வருந்த வேண்டாம், கடலும் வானும் தந்தியும் வாணிபமும் இணைக்கும் உலகமே நமது பின்னிலம் என்று எடுத்துரைத்தது வெறும் ஆறுதல் வார்த்தையன்று.

உவமை அழகாயிருந்தால் போதுமா, உலகில் செல்லுபடியாக வேண்டாமா என்று வாசகர் கேட்கலாம். செல்லுபடியாகியே இருக்கிறது. 1982-இல் நிறைவேறிய கடற் சட்ட உடன்படிக்கைக்கான மாநாட்டின் இறுதிக் கட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் சிங்கப்பூரின் டாமி கோ. 1983-இல் கிரெனடா என்னும் சிறு தீவினுள் அமெரிக்கப் படை புகுந்தபோது, தனபாலன் வெளிநாட்டு அமைச்சராயிருந்த சிங்கப்பூர், அமெரிக்காவின் நண்பனாயிருந்தும், ஐக்கிய நாடுகள் சபையில் அச்செயலைக் கண்டிக்கும் பக்கமே வாக்களித்தது. 1992-இல் நியூயார்க்கில் சிங்கப்பூர் முன்னின்று தொடங்கிய சிறு நாடுகள் மன்றத்தில் பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. பெத்ரா பிராங்கா பாறைத் தீவைப் பற்றி மலேசியாவுடன் நெடுங்காலம் நிகழ்ந்த வழக்கு, 2008 மே 23-இல் சர்வதேச நீதிமன்றத் தீர்ப்பால் முடிந்தது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. சட்டமும் எண்ணிக்கையும் சொல்லும் சிறியவரின் படைக்கலங்கள் என்பதற்கு இவை சான்று.

பிற தீவுகளும் இவ்வித்தையைக் கற்றுக்கொண்டன. சாலமன் தீவினரும் கிரிபாட்டியினரும் 2019 செப்டம்பரில் தைவானை விட்டுப் பெய்ஜிங்குடன் உறவு பூண்டனர். 2022-இல் சாலமன் அரசு சீனத்துடன் பாதுகாப்பு ஒப்பந்தமும் செய்தவுடன், அதுவரை அத்தீவுகளை ஏறெடுத்துப் பாராத தலைநகரங்களிலிருந்தெல்லாம் அமைச்சர்கள் விமானமேறி வந்தனர். மாலத்தீவின் முய்சு, 2024 மே மாதத்திற்குள் இந்தியப் படையினரை வெளியேற்றினார்; அதே ஆண்டு அக்டோபரில் டில்லி சென்று 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற உதவியும் பெற்றார். சிறு கோள் இரு சூரியர்களுக்கு நடுவே செல்லுவது இதுவே.

ஆனால் இலங்கையைப் பாருங்கள். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் சீனக் கம்பெனிக்கு 112 கோடி டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகையாயிற்று. 2022 ஏப்ரலில் அந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென்று அறிவித்தது. கடனெல்லாம் சீனத்துக் கடனன்று. பல கையில் வாங்கிய கடன். சூரியர்கள் பலராயிருந்தும் கோள் தடுமாறிற்று. ஏன்? உள்ளே நடந்த நிர்வாகம் அப்படி. இங்கேதான் இராஜரத்தினத்தின் உவமையில் உள்ள குறை வெளிப்படுகிறது. கோள் என்றால் அது ஒரே உருண்டை. அதன்மேல் யார் வாழ்கிறார், யார் மாள்கிறார் என்று உவமை கேட்பதில்லை. நாடு என்பதை ஒற்றை ஆளாக்கி, அதற்கு விருப்பும் வெறுப்பும் கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் பாத்திமாக்கள் மறைந்துபோகின்றனர்.

இது சொற்குற்றம் மட்டுமன்று. செயலிலும் வந்து விளைந்த குற்றம். 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவினுள் புகுந்தபோது, பெரிய அண்டை நாடு சிறிய நாட்டைப் படையால் விழுங்குவதை ஏற்கலாகாது என்று உலக அரங்கில் இராஜரத்தினம் முழங்கினார். கொள்கை முற்றிலும் சரியானது. ஆனால் அக்கொள்கையின் பெயரால் ஐக்கிய நாடுகள் சபையில் காக்கப்பட்ட ஆசனத்தில் அமர்ந்திருந்தவர், தம் மக்களில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரின் சாவுக்குக் காரணமான போல் பாட் கூட்டத்தாரின் பிரதிநிதி. கோட்டையின் உரிமை காக்கப்பட்டது. கோட்டைக்குள் கொலையுண்டவர் கணக்கு பின்னுக்குத் தள்ளப்பட்டது. உலகச் சட்டத்தின் துணை வேண்டி நின்ற அரசு, 1963 பிப்ரவரியில் தன் தீவிலேயே நூற்றுக்கு மேற்பட்டோரை விசாரணையின்றிச் சிறைவைத்த நடவடிக்கைக்கு உடன்பட்ட அரசு என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். 'புலி' கதையை எழுதியவர் இவற்றை எவ்வாறு நோக்கியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பது அநியாயமாகாது.

இக்குறை இராஜரத்தினம் ஒருவருக்கே உரியதன்று. இராஜதந்திர எழுத்து அனைத்திற்கும் உரியது. தோட்டத்து வாசகர்க்கு வேறோர் உதாரணமே போதும். இலங்கை மலையகத்தில் தேயிலையும் ரப்பரும் வளர்த்த இந்திய வமிசத் தமிழரை 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1962-இல் சீனத்துடன் யுத்தம் நடந்தபின் இந்தியாவுக்கு அயலாரின் சிநேகம் முன்னினும் அவசியமாயிற்று. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பிற்பாடு பேசிக்கொள்ளுவதற்கு! 1974-இல் அவ்வெச்சத்தையும் பாதி பாதியாகப் பங்கிட்டனர். சிறு தீவு தன் பெரிய அயலானுடன் சமமாக உட்கார்ந்து பேசி முடித்த வெற்றி என்று ஏடுகள் எழுதலாம். லயத்தில் குடியிருந்தவளை எவரேனும் கேட்டனரா? கடைசியில் எஞ்சியோர்க்கெல்லாம் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. சாகோஸ் தீவுகளிலும் இதுவே நடந்தது. டியகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைய 1968 முதல் 1973 வரை குடிமக்கள் அனைவரும் அகற்றப்பட்டனர். மொரிஷியஸ் என்னும் சிறு நாடு 2019-இல் சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைத் தீர்ப்பையும், ஐக்கிய நாடுகள் சபையில் 116-க்கு 6 என்ற வாக்கையும் பெற்றது. சொல்லின் வெற்றிதான். ஆயினும் 2025 மே 22-இல் கையெழுத்தான உடன்படிக்கை, தளத்தை 99 ஆண்டுக்கு அங்கேயே நிறுத்த இடங்கொடுத்தது. டியகோ கார்சியாவில் பிறந்தவர்க்கு டியகோ கார்சியா இல்லை.

அப்படியாயின் இராஜரத்தினத்தின் எழுத்தில் இதற்கு மருந்தே இல்லையா? இருக்கிறது. அதைக் காண நாம் நியூயார்க்குக்குப் போக வேண்டாம். கேலாங்கிற்குத் திரும்பினாற் போதும். 1964 ஜூலை 21-இல் நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங் திடலிலிருந்து கேலாங்கை நோக்கி வந்தபோது கலகம் மூண்டது. 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். செப்டம்பரில் கேலாங் சிராயில் மலாய்த் திரிஷா ஓட்டுநர் ஒருவர் கொலையுண்டதைத் தொடர்ந்து மீண்டும் கலகம். 13 பேர் மாண்டனர். மலேசியாவை எதிர்த்து இந்தோனேசியா பகைமை தொடுத்திருந்த காலம் அது. நாட்டின் கட்சிகளே இனத்தின் பெயரால் ஒன்றையொன்று தூற்றிக்கொண்டிருந்த காலமும் அதுவே. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். வெளியிலிருக்கும் யானை வேலியை முறிக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்போர் வாயிலைத் திறந்துவிட்டால் போதும். பாரியின் பறம்பும் படையால் வீழவில்லை என்பதை மறவாதீர்.

இக்கலகங்களின் புண் ஆறுமுன், 1966 பிப்ரவரியில், இராஜரத்தினம் ஒரு சிறு வாசகம் எழுதினார். அதுதான் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நாள்தோறும் சொல்லும் நாட்டு உறுதிமொழிக்கு அவர் எழுதிய வரைவு. இனத்தாலும் மொழியாலும் மதத்தாலும் பிளவுபடோம் என்பது அதன் சாரம். அதைப் பள்ளிப் பாடமாகவே யாவரும் எண்ணுகின்றனர். நம் அபிப்பிராயம் வேறு. அவர் எழுதியவற்றுள் தலைசிறந்த வெளிநாட்டுக் கொள்கை அறிக்கை அதுவே. சூரியர்களின் உவமை கோளுக்கு வழி சொல்லிற்று. உறுதிமொழியோ கோளின்மேல் வாழும் மனிதரை முதன்முறையாகக் கண்ணெடுத்துப் பார்த்தது. கதாசிரியரின் கண் அமைச்சரின் எழுத்தினுள் நுழைந்த இடம் அது ஒன்றுதான். ஒன்றாயினும் அது போதிய இடம். லோரோங் ஒன்றில் அண்டை வீட்டானைக் கண்டு அஞ்சும் மக்களைக் கொண்ட தீவு, உலக அரங்கில் எத்தனை சாமர்த்தியம் பேசினாலும் பிறர் கையில் ஆடும் பொம்மையே ஆகும். தன் வீட்டில் சிறியவரைச் சமமாய் நடத்தாத நாடு, உலகச் சபையில் தன்னைச் சமமாய் நடத்தக் கோருவதற்கு என்ன முகம் இருக்கிறது?

ஆகவே இராஜரத்தினத்தின் உரைகளைப் படிக்கும் இளைஞர், அவருடைய கதைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டுமென்பது நம் வேண்டுகோள். உரைகள் சருகுமானுக்குப் புத்தி கற்பிக்கும். கதைகள் அச்சருகுமானும் உதிரமும் உயிருமுள்ள ஒரு பிராணி என்பதை நினைவூட்டும். இரண்டும் சேர்ந்தாலன்றிச் சிறு நாட்டின் இலக்கியம் நிறைவுபெறாது.

தேநீர்க் கடையில் அடுத்த முறை அப்பழமொழி எழும்போது, நாம் தலையசைத்துவிட்டு எழுந்து போக வேண்டியதில்லை. 'ஐயா, யானைகளைப் பற்றிப் பேசியது போதும். நம் பக்கத்துப் பலகையில் அமர்ந்திருப்பவர் நமக்கு யார் என்பதை முதலில் பேசுவோம்' என்று சொல்லுவோம். அப்பேச்சை அங்கிருந்தே தொடங்குவோம்.